பள்ளத்தில் ஒரு பகல், சரிவில் ஒரு மணி நேரம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு பயண ஏஜென்ட் எங்கள் முன்னால் மூன்று வழவழப்பான தாள்களை விரித்தார். மூன்றும் ஆப்பிரிக்கா, மூன்றும் மலை. தான்சானியாவின் ங்கோரோங்கோரோ, கென்யாவின் அபர்டேர், உகாண்டாவின் புவிண்டி. மலைதான் வேண்டும் என்றது என் மனைவி. கிள்ளான் வெயிலுக்குத் தப்பி ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து இன்னொரு வெயிலில் போய் நிற்பானேன் என்பது அவள் வாதம். போவதாக இருந்தவர்கள் நாலு பேர்: நாங்கள் இருவர், பதின்மூன்று வயது மகன், எழுபத்தொரு வயதில் முட்டிவலியோடு அம்மா.

“எங்க போனாலும் மிருகம் கேரண்டி சார்,” என்றார் ஏஜென்ட்.

அந்தக் கேரண்டிதான் உறுத்தியது. மூன்று தாள்களிலும் கணக்கு ஒரே மாதிரி: இத்தனை நாள், இத்தனை இரவு, இத்தனை விலங்கு. மாத்தா சுற்றுலாக் கண்காட்சியில் வாங்கி வந்த தாள்களிலும் இதே பாட்டுதான். சஃபாரி என்றால் சுவாஹிலியில் பயணம், அவ்வளவுதான். அரபுச் சொல் ‘சஃபர்’ கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி அப்படி ஆனது. நமக்குப் பழக்கமான மலாய் ‘முசாஃபிர்’ அதற்கு உறவு. பயணம் என்ற சொல் எப்படியோ வழியில் பட்டியலாகிவிட்டது.

ஒரு வனத்தை எதைக் கொண்டு அளப்பது? அங்கே கிடைப்பது எனக்கு இங்கே கிடைக்காததா என்று முதலில் கேட்டேன். எங்கள் நாலு பேரின் உடம்புக்கு அது ஒத்துவருமா என்பது அடுத்தது. மூன்றாவது கேள்வி எந்தத் தாளிலும் இல்லை: நான் போய்ப் பார்க்கப்போகும் விலங்கு அந்த மலையில் முப்பது ஆண்டுகளுக்கு முன் எத்தனை இருந்தது, இப்போது எத்தனை? மூன்று மாதம் படித்தும் விசாரித்தும் பார்த்ததில், இந்த மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது.

அபர்டேரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அழகான மலைத்தொடர், 1950-இல் தேசியப் பூங்கா ஆனது. அதன் புகழ் பெரும்பாலும் ட்ரீடாப்ஸ் என்ற மரவிடுதியால் வந்தது. 1952 பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் அங்கே தங்கிய இரவில் இங்கிலாந்தில் அவர் தந்தை இறந்தார். மரத்தின் மேல் இருந்தபோதே பட்டம் அவருக்கு வந்துவிட்டது. அன்று அவரோடு இருந்தவர், குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட். இந்தியா விடுதலை அடைந்ததும் கென்யாவின் நியேரியில் குடியேறி, 1955-இல் அங்கேயே இறந்தார். 1932-இல் கட்டிய விடுதி மாவ் மாவ் கிளர்ச்சியில் 1954-இல் எரிந்து, பிறகு புதிதாக எழுந்தது.

அங்கே செய்வது இதுதான்: உப்புமண் இருக்கும் நீர்நிலைக்கு மேலே உட்கார்ந்துகொள்ள வேண்டும், இருட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். உப்பு நக்க யானையும் எருமையும் வரும். தூங்கிப்போனவர்களை மணி அடித்து எழுப்பும் விடுதியும் அதே மலையில் உண்டு.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இதையேதான் நம் தாமான் நெகாராவில் பும்புன் என்கிறோம். உப்புமண்ணுக்கு மலாயில் ஜெனுட் என்று பெயர். ஜெனுட்டைப் பார்த்தபடி கால் நட்டு நிற்கும் மரக்குடில்தான் பும்புன். மின்சாரம் கிடையாது, மணி அடித்து எழுப்ப ஆளும் கிடையாது. கும்பாங் பும்புனில் நான் ஓர் இரவு கிடந்திருக்கிறேன். கொசு ஏராளம், ரொட்டிப் பொட்டலத்தைத் தேடி வந்த எலி ஒன்று, விடியற்காலை நாலு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் ஒரு தாப்பிரின் வெள்ளை முதுகு. அரை நிமிடம் இருக்கும். அந்த அரை நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு சங்கிலியும் இருக்கிறது. அந்த இளவரசியின் பாட்டனார் ஐந்தாம் ஜார்ஜ். 1938, 39-இல் பகாங், கிளந்தான், திரங்கானு மூன்றும் சேர்ந்து ஒதுக்கிய நம் காட்டுக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். விடுதலைக்குப் பிறகே அது தாமான் நெகாரா. அந்தக் காட்டுக்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடியவர் வேட்டைக்காரராக இருந்து காவலராக மாறிய தியோடர் ஹப்பேக். அவருடைய சகோதரர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக்தான், பிரிக்பீல்ட்ஸை ஒட்டி நிற்கும் பழைய கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வரைந்தவர். தம்பி, அண்ணன் இருவரில் ஒருவர் கட்டியதை நாம் தினம் பார்க்கிறோம். மற்றவர் காத்ததை எத்தனை பேர் போய்ப் பார்த்திருப்போம்?

ஆகவே அபர்டேர் கழிகிறது. அதற்குச் சொல்ல வேண்டிய நியாயம் ஒன்று உண்டு: செந்நிற உடலில் வெள்ளைக் கோடு ஓடும் மலை பொங்கோ மான் கென்ய மலைக்காடுகளில் மட்டுமே இருக்கிறது. காட்டில் நூற்றுக்கும் குறைவு என்பது மதிப்பீடு. அதாவது தாளில் படம் இருக்கும். கண்ணில் படுவது அதிர்ஷ்டம். உப்புமண்ணும் காத்திருப்பும்தான் அனுபவம் என்றால் ஜெராண்டுட் வரை காடியில் போய், அங்கிருந்து தெம்பிலிங் ஆற்றில் படகேறினால் போதும்.

ங்கோரோங்கோரோவை அப்படித் தள்ளிவிட முடியாது. அது மலை என்பதைவிட, மலை இருந்த இடம் என்பதே சரி. இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் எரிமலை தனக்குள்ளேயே இடிந்து இறங்கிய பள்ளம். தரைப்பரப்பு சுமார் 260 சதுர கிலோமீட்டர். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் 243. நம் தலைநகரை அப்படியே தூக்கி அந்தப் பள்ளத்துக்குள் வைத்தாலும் ஓரத்தில் இடம் மிஞ்சும். சுவர் ஏறத்தாழ 600 மீட்டர்; 452 மீட்டர் இரட்டைக் கோபுரத்தை உள்ளே நிறுத்தினால் அதன் உச்சி விளிம்புக்கு எட்டாது. விளிம்பின் உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர். நம் தீபகற்பத்தின் உச்சியான குனோங் தாஹான் 2,187 மீட்டர்தான். அதாவது, தீபகற்பத்தில் யாருமே நின்றிராத உயரத்தில் படுத்துத் தூங்கி, காலையில் ஏறக்குறைய கெந்திங் மலை உயரத்துக்கு இறங்கி விலங்கு பார்க்க வேண்டும். கம்பளிச் சட்டை இல்லாமல் ஆப்பிரிக்கா போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்தப் பள்ளத்துக்குள் ஏறத்தாழ 25,000 பெரிய விலங்குகள். வரிக்குதிரை, வில்டபீஸ்ட், எருமை, சிங்கம், தந்தம் தரை தொடும் கிழட்டு ஆண்யானை. ஒட்டகச்சிவிங்கி மட்டும் இல்லை; சுவர் செங்குத்து, கீழே அதற்குத் தேவையான மரமும் போதாது. நாலு விரல் நீள ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒன்று எங்கள் தாளில் இருந்தது என்பதை இங்கே பதிந்துவிடுகிறேன்.

இதன் பெரிய பலம், உடம்பைக் கேட்காது. கூரை தூக்கிய ஜீப்பில் ஏறி உட்கார்ந்தால் மாலை வரை இறங்க வேண்டியதில்லை. அம்மாவின் முட்டிக்கும் மகனின் பொறுமையின்மைக்கும் இதைவிடத் தோதான இடம் கிடையாது. பள்ளத்தில் இறங்கும் கட்டணம் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு. நாலு பேராகப் போனால் பங்கு குறையும். எந்த ஏஜென்டும் தானாகச் சொல்லாத விஷயம் இது.

காண்டாமிருகமும் அங்கே உண்டு. இது மலேசியருக்கு வெறும் பட்டியல் விலங்கு அல்ல. 2019 மே மாதம் சபாவில் தாம் என்ற ஆண் இறந்தது. நவம்பரில் ஈமான் என்ற பெண். அத்தோடு மலேசியாவில் சுமாத்திரா காண்டாமிருகம் தீர்ந்தது. ங்கோரோங்கோரோவின் கதையும் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 1960களின் நடுவில் நூறைத் தாண்டியிருந்த கறுப்புக் காண்டாமிருகம், கொம்புக்காரர்களின் வேட்டையில் 1990களில் பத்துப் பதினைந்தாகச் சுருங்கியது. இரவு பகல் காவல் போட்டபின் மெல்ல ஏறுகிறது. தூரத்தில் ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தாலும் நமக்கு அது என்னவோ செய்யும்.

குறை என்னவென்றால், போய்வந்த நண்பர் காட்டிய காணொளியில் சிங்கம் ஒன்று, ஜீப் பதினேழு. நடுவில் சிங்கம், சுற்றிலும் மாலை ஆறு மணி கூட்டரசு நெடுஞ்சாலை. பள்ளத்துக்குள் இஷ்டத்துக்கு நடக்க முடியாது, பாதையை விட்டு வண்டி விலகக்கூடாது, சரியான விதிகள்தான். ஆனால் அதன் விளைவு, எல்லாரும் ஒரே காட்சியை ஒரே ஜன்னலிலிருந்து பார்க்கிறோம். ஒரு பகல் அற்புதமாக இருக்கும். இரண்டாம் பகலுக்கும் பணம் கட்டச் சொன்னால் மறுக்க வேண்டும்.

புவிண்டியின் தாள் மூன்றிலும் மெலிந்தது. பெருமையடிக்க அதில் எண்ணிக்கையே இல்லை: ஒரே விலங்கு, ஒரே மணி நேரம். தென்மேற்கு உகாண்டாவில் 1,160 மீட்டரில் தொடங்கி 2,600 வரை ஏறும் மழைக்காடு அது. பரப்பு 321 சதுர கிலோமீட்டர். தற்செயலாக நீலகிரி அடிவாரத்து முதுமலையின் பரப்பும் அதேதான். 1991-இல் தேசியப் பூங்கா ஆனது. பெரும்பாலும் மலைக்கொரில்லாவுக்காகத்தான் அங்கே போகிறார்கள். காலையில் வழிகாட்டியோடு சரிவில் இறங்கி ஏற வேண்டும். கொரில்லாக் குடும்பம் எங்கே இருக்கிறதோ அதுவரை. ஒரு மணி நேரமும் ஆகலாம், ஆறு மணி நேரமும் ஆகலாம். ஒரு குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டுமே பார்க்கலாம், அதுவும் ஒரு மணி நேரம். சளி, காய்ச்சல் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் சளி அவற்றைக் கொல்லும். பதினைந்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை.

பெர்மிட் 800 அமெரிக்க டாலர். 2024 ஜூலைக்கு முன் 700. நம் கணக்கில் மூவாயிரம் வெள்ளிக்கு மேல். நிமிடத்துக்கு ஐம்பது வெள்ளி தாண்டுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ருவாண்டாவில் இதே விலங்கைப் பார்க்க 2017 முதல் 1,500 டாலர். அங்கே தலைநகர் கிகாலியிலிருந்து சில மணி நேரத்தில் மலையடிக்குப் போய்விடலாம். உகாண்டாவில் என்டெபி விமான நிலையத்திலிருந்து சாலை வழி ஒரு முழுப் பகலைத் தின்னும். 700 டாலர் வித்தியாசம் சாலைக்கும் சேற்றுக்கும் தருகிற விலை. கிகாலியில் இறங்கி, சாலை வழியாக எல்லை கடந்து புவிண்டிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்.

நிமிடத்துக்கு ஐம்பது வெள்ளி என்றதும் என் கை பின்வாங்கியது உண்மை. தாமான் நெகாராவுக்குள் போக ஒரு வெள்ளி, கேமராவுக்கு ஐந்து வெள்ளி கொடுத்துப் பழகிய கை. அப்புறம்தான் மூன்றாவது கேள்விக்கு வந்தேன்.

ருவாண்டா எல்லையோரம் உள்ள விருங்கா எரிமலைச் சரிவுகளில் 1981-இல் எண்ணியபோது மலைக்கொரில்லா 254. கொரில்லா ஆய்வாளர் டயன் ஃபாஸி அங்கே முகாம் போட்டு, கண்ணிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த காலம். 1985 டிசம்பரில் தம் குடிலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அதே சரிவுகளில் 2015–16 கணக்கெடுப்பில் 604. புவிண்டியில் 2018 கணக்கில் 459. இரண்டும் சேர்ந்து 1,063. போரும் இனப்படுகொலையும் அகதி முகாம்களும் சூழ்ந்த ஒரு மூலையில், சுற்றிலும் குன்றின் உச்சிவரை உழுது பயிரிடும் ஜனநெருக்கடியில், மனிதனுக்கு இவ்வளவு நெருங்கிய ஒரு பெரிய விலங்கு கூடியிருக்கிறது.

நம் பக்கம் பாருங்கள். மலாயாவில் 1950களில் மூவாயிரம் புலி இருந்ததாக மதிப்பிட்டார்கள். 2016-இல் தொடங்கி 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவு. தாமான் நெகாரா 4,343 சதுர கிலோமீட்டர். புவிண்டியைப்போல் பதின்மூன்று மடங்கு. இடம் இருக்கிறது. அழித்தது கண்ணிக் கம்பி. மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிள் போதும், ஒரு புலியைப் பிடிக்க.

கட்டணத்தைக் கூட்டினால் புலி கூடிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. நம் காட்டுக்குப் போகக் கூலிக்காரரின் பிள்ளைக்கும் ஒரு வெள்ளி போதும் என்பது நல்ல விஷயம். அதை இழக்கக் கூடாது. கொரில்லாவுக்கு வாய்த்த வசதி புலிக்கு இல்லை என்பதும் தெரியும்: கொரில்லா பகலில் உலவும், குடும்பமாக இருக்கும், பழக்கினால் மனிதரைப் பொறுத்துக்கொள்ளும், புலியை யாரும் அப்படி எட்டுப் பேராகப் போய்ப் பார்க்க முடியாது. சொல்லவருவது இவ்வளவுதான்: புவிண்டியில் நான் கட்டும் பணம் போகும் வழி கண்ணுக்குத் தெரிகிறது. தினமும் காட்டுக்குள் நடந்து ஒவ்வொரு குடும்பத்தையும் எண்ணுகிற ஆட்களுக்கும், பூங்காவை ஒட்டிய ஊர்களுக்கும் அதில் பங்கு உண்டு. பலன் கணக்கெடுப்பில் தெரிகிறது.

இங்கே நிறுத்தினால் விளம்பரத் தாளுக்கும் இந்தக் கட்டுரைக்கும் வித்தியாசமில்லை. அந்தக் காட்டில் கொரில்லாவுக்கு அக்கம்பக்கமாக மனிதரும் வாழ்ந்தார்கள். பட்வா என்ற வேட்டுவக் குடிகள். தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள். 1991-இல் பூங்கா என்று அறிவித்ததும் வெளியே தள்ளினார்கள். நிலத்துக்கு ஈடாக ஒன்றும் கொடுக்கவில்லை என்றே சொல்லலாம். இன்று அவர்களில் சிலர் சுற்றுலாப் பயணிகளுக்கு நெருப்பு மூட்டிக் காட்டி, ஆடிக் காட்டிப் பிழைக்கிறார்கள். தாமான் நெகாராவின் வாசலான கோலா தாஹானில் பத்தேக் பழங்குடி மக்களின் குடியிருப்புக்குப் படகில் கூட்டிப்போய், ஊதுகுழல் அம்பு எய்து காட்டச் சொல்லிக் கைதட்டுவது நினைவுக்கு வருகிறது.

ங்கோரோங்கோரோவும் இந்த விஷயத்தில் சுத்தமில்லை. 1959-இல் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றிய மாசாய் மேய்ச்சல்காரர்களுக்கு மாற்றிடமாகக் காட்டியதே இந்த மலைதான். 2022 முதல் அவர்களை இங்கிருந்தும் கிளப்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ம்சோமேராவில் குடியேற்றுகிறார்கள். விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்கிறது அரசு. நெருக்கித் தள்ளுகிறார்கள் என்கிறார்கள் மாசாய்கள்.

இதைக் கிள்ளானில் உட்கார்ந்து படிக்கும் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. புத்ராஜெயா எழுந்த இடம் பிராங் பெசார் ரப்பர் தோட்டம். அதிலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் இருந்த தமிழ்க் குடும்பங்களை டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் கொண்டு வைத்தார்கள். கோயிலையும் பள்ளியையும் மாட்டையும் விட்டுவந்தவர்களின் கதை நம் ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். அழகான இடங்களுக்குப் பின்னால் யாரோ லயத்தைக் காலி செய்திருக்கிறார்கள்.

இது புவிண்டியை நிராகரிக்கப் போதுமா? நெடுநாள் யோசித்தேன். போதாது என்பதே என் முடிவு, காரணமும் சொல்லிவிடுகிறேன். நான் போகாவிட்டால் பட்வாவுக்கு நிலம் திரும்பாது. போய், பட்வா நடத்தும் நடைக்குத் தனியாகப் பணம் கட்டி, சுமை தூக்க ஆள் தேவையில்லாதபோதும் ஊர்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டால் ஏதோ கொஞ்சம் அந்தக் கைகளுக்குப் போகும். பலவீனமான நியாயம்தான். ஆனால் மாசாய் விஷயத்தில் வெளியேற்றம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது, சுற்றுலாவையும் ஒரு காரணமாகக் காட்டி. முப்பது ஆண்டுப் பழைய அநியாயத்தின் மேல் நடப்பதும், நடந்துகொண்டிருக்கும் அநியாயத்துக்கு டிக்கெட் வாங்குவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

ஆகவே தீர்ப்பு புவிண்டி. ஏஜென்டின் தாளில் கடைசியாக இருந்தது, என் தாளில் முதலாவது. அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பயணத்தில் முடிக்க வேண்டும், வேறு வழியே இல்லை என்கிறவர்களுக்கு ங்கோரோங்கோரோ, ஒரே ஒரு பகல். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அபர்டேருக்குப் பதில் கோலா தாஹான்.

மீதி எல்லாம் ஏற்பாடு. உகாண்டா போய்த் திரும்புகிறவர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றைக் காட்டாவிட்டால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தல் காத்திருக்கும். ஊசியைப் பத்து நாள் முன்னதாகவே போட்டுவிட வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அங்கே பெருமழை மார்ச் முதல் மே வரை. நம் ஆண்டு நடுப் பள்ளி விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூனில் முடிகிறது, சரிவு காயத் தொடங்கும் நேரம். டிசம்பர் விடுமுறையில் அங்கேயும் தூறும், தாமான் நெகாராவிலும் வெள்ளம். சாப்பாட்டுக் கவலை வேண்டாம். ரயில் போட வந்த இந்தியக் கூலிகள் விட்டுப்போன சப்பாத்தி கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க அதே பெயரில் கிடைக்கிறது.

மகனுக்குப் பதினைந்து ஆக இன்னும் இரண்டு வருடம். அதுவரை பெர்மிட் பணத்தைத் தனியாகப் போட்டுவைப்பது, இந்த மார்ச்சில் அவனைக் கும்பாங் பும்புனில் ஓர் இரவு படுக்க வைப்பது என்று பேச்சு. ஒன்றும் வராத இருட்டை அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அம்மாவைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. நடக்க முடியாதவர்களைப் புவிண்டி ஊர்க்காரர்கள் ஒரு நாற்காலிப் பல்லக்கில் வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றி மலைக்கு ஏற்றி இறக்குகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹெலிகாப்டர். படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

“நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் நேரம் வரலைப்பா.”